அலமாரி எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டில் அலமாரி இருக்கிறதா? மரத்தில் செய்த தனி அலமாரி இல்லாவிட்டாலும், சுவரில் பள்ளம் விட்டுப் பலகை பதித்த சுவர் அலமாரியாவது இருக்கும். அதில் துணிமணிகள் இருக்கலாம், பாத்திரங்கள் இருக்கலாம், உங்கள் பாடப் புத்தகங்கள் இருக்கலாம். நாள்தோறும் அதைத் திறக்கிறோம், மூடுகிறோம். ஆனால் 'அலமாரி' என்ற சொல்லைத் திறந்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஓர் அலமாரியின் சாவி கிடைக்காமல் போன நாள் வரையில் நானும் பார்த்ததில்லை.

அன்று முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. வெர்னியர் அளவி, திருகு அளவி, இசைக்கவை எல்லாம் அந்த அலமாரிக்குள் இருந்தன. சாவியை வைத்திருந்த ஆய்வக உதவியாளர் விடுப்பில் போயிருந்தார். அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அப்போது ஒரு மாணவி கேட்டார்: "சார், அலமாரி தமிழ்ச் சொல்லா?"

நான் வாய் திறப்பதற்குள் ஒரு மாணவர் எழுந்து விடை சொன்னார். "அல் என்றால் இல்லை, மாரி என்றால் மழை. மழை படாமல் பொருளைக் காப்பது அலமாரி. தமிழ்ச் சொல்தான் சார்!" வகுப்பில் கைதட்டல். இன்னொருவர் மறுத்தார். "அல்ஜீப்ரா, ஆல்கஹால், அல்கலி எல்லாம் அரபுச் சொற்கள் என்று வேதியியல் வகுப்பில் சொன்னார்கள். 'அல்' என்று தொடங்குவதால் இதுவும் அரபுதான்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆசிரியருக்கு உரிய உறுதியுடன், "ஆங்கிலத்தில் அல்மைரா என்று ஒரு சொல் உண்டு. அதிலிருந்துதான் நாம் எடுத்துக்கொண்டோம்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வாசகர்களே, மூன்று விடைகளும் தவறு. என்னுடையதும் தவறு என்பதை அன்று மாலை நூலகத்தில் அகராதிகளைப் புரட்டியபோதுதான் அறிந்தேன். ஆய்வகத்தில் ஓர் அளவை மூன்று முறை எடுக்காமல் எழுதாதே என்று கண்டிக்கும் நான், ஒரு சொல்லின் வரலாற்றைச் சோதிக்காமலே சொல்லிவிட்டேன். சொல்லின் பிறப்பையும் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கும் விதிகள் உண்டு, சான்றுகள் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

முதல் விடை: அல் + மாரி

கேட்பதற்கு இனிமையான விடை இது. ஆனால் இனிமை சான்றாகாது. தமிழ் இலக்கணமே இதை ஏற்கவில்லை. லகர மெய்க்குப் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகத் திரியும் என்பது புணர்ச்சி விதி. நல் + மை = நன்மை; மெல் + மை = மென்மை; கல் + மலை = கன்மலை; சொல் + மாலை = சொன்மாலை. இந்த வழியில் 'அல்', 'மாரி' என்ற இரு சொற்களும் சேர்ந்தால் 'அன்மாரி' என்று வரவேண்டும். 'அலமாரி' என்று வராது.

இன்னொரு தடையும் இருக்கிறது. இந்தியில் அல்மாரி, வங்காளத்தில் ஆல்மாரி, மலையாளத்தில் அலமார, சிங்களத்தில் அல்மாரிய, மலாய் மொழியில் அல்மாரி, இந்தோனேசிய மொழியில் லெமாரி என்று இதே சொல் பல மொழிகளில் வழங்குகிறது. டாக்காவிலும் ஜகார்த்தாவிலும் உள்ளவர்கள் மழையை நினைத்து இப்பெயரை வைத்திருக்க முடியாது. ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காகச் சொல்லை நமக்குத் தெரிந்த துண்டுகளாக வெட்டிப் பொருள் சொல்வதை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பார்கள். உலகின் எல்லா மொழியினரும் இதைச் செய்கிறார்கள். குற்றமில்லை, ஆனால் அது வரலாறு ஆகாது.

இரண்டாம் விடை: ஆங்கிலம்

ஆங்கிலத்தில் 'அல்மைரா' என்ற சொல் இருப்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் ஒரு தச்சரிடம் போய் அல்மைரா வேண்டும் என்றால் அவர் விழிப்பார். அவருக்குத் தெரிந்தவை கபோர்டும் வார்ட்ரோபும்தான். அல்மைரா என்பது இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் பேசப்படும் ஆங்கிலத்துக்கே உரிய சொல். அதாவது, இங்கு வந்த ஆங்கிலேயர்கள் இங்கே கற்றுக்கொண்ட சொல்.

இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் கலந்த சொற்களைத் தொகுத்து 1886இல் 'ஹாப்சன்–ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் என்ற இருவர். இவர்களுள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனையில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி வெளிவருவதற்கு முன்னரே, 1882இல், அவர் இறந்துவிட்டார். அந்த அகராதியில் அல்மைராவும் இருக்கிறது. அது போர்த்துக்கீசியச் சொல் என்றும், அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது என்றும் அங்கே எழுதியிருக்கிறார்கள். 

இரண்டு பொருள்கள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து, எதிலிருந்து எது வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் நமக்குக் கொடுத்தது என்று நான் நினைத்தேன். உண்மையில் நம் நாட்டிலிருந்துதான் ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். திசையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன்!

மூன்றாம் விடை: அரபு

'அல்' என்பது அரபு மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஒட்டு. அல்ஜீப்ராவிலும் அல்கலியிலும் அது இருக்கிறது. ஆனால் 'அல்' என்று தொடங்குவனவெல்லாம் அரபு என்று கொள்வது, மஞ்சளாக ஒளிர்வதெல்லாம் சோடியம் என்று கொள்வது போன்றது. நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்?

நம் சொல்லை அப்படிப் பகுத்துப் பார்ப்போம். இன்றைய போர்த்துக்கீசியரின் பொது வழக்கில் அலமாரியை 'அர்மாரியு' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'அர்மாரியோ', பிரெஞ்சில் 'அர்முவார்', இத்தாலியத்தில் 'அர்மாதியோ'. எல்லாவற்றிலும் 'அல்' இல்லை, 'அர்' இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தாய் இலத்தீன் மொழியின் 'அர்மாரியம்'. அப்படியானால் ரகரம் எப்படி லகரம் ஆயிற்று?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். 'அர்மாரி, அர்மாரி, அர்மாரி' என்று பத்து முறை வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். ரகரத்தை ஒலிக்க நாக்கின் நுனி மேலண்ணத்தை வருடவேண்டும். அது முடிந்ததும் உடனே இன்னொரு முறை அதே வேலையைச் செய்யச் சொன்னால் நாக்கு சோம்புகிறது. லகரமும் ஏறத்தாழ அதே இடத்தில் பிறப்பது. நாக்கு அண்ணத்தைத் தொட்டு நிற்கக் காற்று அதன் பக்கங்கள் வழியே வெளியேறும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இவ்விரண்டு ஒலிகளின் பிறப்பையும் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு சொல்லில் இரண்டு ரகரம் வரும்போது, ஒன்றை லகரமாக மாற்றிக்கொள்வது நாக்குக்கு எளிது. மொழியியலார் இதை வேற்றினமாதல் என்கிறார்கள்.

இது நம் வசதிக்காகக் கற்பித்த விதி அல்ல. வேறு சொற்களிலும் இதைக் காணலாம். சலவைக்கல்லை இலத்தீனில் 'மார்மோர்' என்றார்கள். பிரெஞ்சில் அது 'மார்ப்ர்' ஆயிற்று. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டாவது ரகரம் லகரமாகி 'மார்பிள்' ஆகிவிட்டது. ஊதா நிறத்துக்கு இலத்தீனில் 'புர்புரா', ஆங்கிலத்தில் 'பர்ப்பிள்'. மரத்துக்கு இலத்தீனில் 'அர்போர்', ஸ்பானியத்தில் 'ஆர்போல்'. யாத்திரிகருக்கு இலத்தீனில் 'பெரெக்ரீனுஸ்', ஆங்கிலத்தில் 'பில்கிரிம்'. இங்கே முதல் ரகரம் மாறியிருக்கிறது. அர்மாரியத்துக்கும் இதுவே நேர்ந்தது. இடைக்கால இலத்தீன் ஏடுகளிலேயே 'அல்மாரியம்' என்ற வடிவம் வந்துவிட்டது. செக் மொழியில் 'அல்மாரா' என்றும் ஹங்கேரிய மொழியில் 'அல்மாரியும்' என்றும் அது வழங்கியது. இத்தாலியர்களின் 'அர்மாதியோ'வைப் பாருங்கள். அவர்கள் இரண்டாவது ரகரத்தைத் தகரத்தின் மெல்லோசையாக மாற்றிக்கொண்டார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு வேறு.

போர்த்துக்கீசியரிடத்திலும் 'அல்மாரியு' என்ற வடிவம் வழங்கியது. அவர்களுடைய கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது அந்த வடிவம்தான். நம் நாக்குக்கு 'ல்ம' என்ற மெய்ம்மயக்கம் ஒத்துவராது. ஆகவே இடையில் ஓர் அகரத்தைச் செருகி 'அலமாரி' ஆக்கிக்கொண்டோம். போர்த்துக்கீசியரின் பொது வழக்கு அர்மாரியுவுக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் கொடுத்த பழைய நாணயம் நம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

அர்மாரியம் என்றால் என்ன?

மாணவர்களே, அக்வேரியம், ஹெர்பேரியம், பிளானட்டேரியம் என்ற சொற்கள் உங்களுக்குத் தெரியும். இலத்தீனில் 'ஆரியம்' என்ற ஈறு ஒரு பொருளுக்கு உரிய இடத்தைக் குறிக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு உரியது அக்வேரியம். உலர்த்திய செடிகளுக்கு உரியது ஹெர்பேரியம். அப்படியானால் அர்மாரியம்? 'அர்மா' என்றால் கருவிகள், போர்த் தளவாடங்கள். ஆகவே அர்மாரியம் என்பது ஆயுதமும் கருவியும் வைக்கும் இடம். ஆங்கிலத்தில் படையைக் குறிக்கும் 'ஆர்மி'யும் கவசத்தைக் குறிக்கும் 'ஆர்மர்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தவை.

இயற்பியல் மாணவருக்கு இன்னொரு உறவினரையும் அறிமுகப்படுத்த வேண்டும். மின்மணியில் மின்காந்தத்தால் இழுக்கப்படும் தேனிரும்புத் துண்டுக்கும், டைனமோவில் சுழலும் கம்பிச் சுருளுக்கும் என்ன பெயர்? ஆர்மேச்சர். முற்காலத்தில் இயற்கைக் காந்தக் கல்லின் முனைகளில் இரும்புத் தொப்பிகளைப் பொருத்துவார்கள். அதனால் அதன் தூக்கும் திறன் கூடும். வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட காந்தம் பற்றிய நூலில் இதை விளக்கியிருக்கிறார். இரும்புக் கவசம் பூண்ட அந்தக் கல்லை ஆயுதம் தரித்த காந்தம் என்றார்கள். அந்த வழியில் வந்ததே ஆர்மேச்சர் என்ற பெயர். எங்கள் ஆய்வகத்தில் ஆர்மேச்சர் அலமாரிக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறியாமலே இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வாள் இருந்த இடத்தில் நூல்

உரோமானியர்களின் வீட்டில் அர்மாரியம் ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை. உடை, உணவு, பணம், பாத்திரம் எல்லாம் அதற்குள் புகுந்தன. உயர்குடியினர் தம் முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டு முற்றத்தில் அர்மாரியங்களில் வைத்துப் போற்றினார்கள்.

அவர்கள் காலத்து மரச் சாமான்கள் இன்று கிடைப்பது அரிது, மரம் மக்கிவிடும். ஆனால் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ஊர் சூடான சாம்பலுக்குள் புதையுண்டது. காற்று இல்லாமல் சூடேறிய மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாயிற்று. கரிமூட்டம் போடுவோர் மண்ணால் மூடி விறகைக் கரியாக்குவதும் இதே முறையில்தான். கரியை நுண்ணுயிர்கள் அரிப்பதில்லை. ஆகவே கட்டில், கதவு, அலமாரி எல்லாம் கரி உருவில் அந்த ஊரில் கிடைத்துள்ளன. ஒரு வீட்டில் கீழ்ப்பகுதி அலமாரியாகவும் மேற்பகுதி சிறு கோவிலாகவும் அமைந்த மரச் சாமான் ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக்கே 'மரக் கோவில் வீடு' என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அலமாரியின் மேல் தட்டில் சாமி படம் வைப்பது உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா?

நூல்கள் எப்போது அலமாரிக்குள் வந்தன? கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. இளைய பிளினி என்ற உரோமானியர் கடற்கரையில் இருந்த தம் வீட்டை ஒரு கடிதத்தில் வருணிக்கும்போது, ஓர் அறையின் சுவருக்குள்ளேயே அர்மாரியம் பதித்திருப்பதாகவும், மீண்டும் மீண்டும் படிக்கத்தக்க நூல்களை அதில் வைத்திருப்பதாகவும் எழுதுகிறார். நம் சுவர் அலமாரியேதான்! நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு கல் சவப்பெட்டி உள்ளது. அதில் ஒரு கிரேக்க மருத்துவர் சுருள் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு எதிரே கதவு திறந்த அலமாரி; உள்ளே சுருள் நூல்கள்; அதன்மேல் அறுவைக் கருவிகள் அடங்கிய பெட்டி. கருவியும் நூலும் ஒரே இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் அந்த ஒரு கல்லில் கைகோத்து நிற்கின்றன.

இந்தப் பழக்கம் ஒரு வழக்கையே உண்டாக்கிற்று. ஒருவர் தம் 'நூலகத்தை' இன்னாருக்கு என்று உயில் எழுதிவிட்டு இறந்துபோனால், வாரிசுக்குக் கிடைப்பது அலமாரியா, அதிலுள்ள நூல்களா? கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்ற சட்ட அறிஞர் இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். எழுதியவரின் கருத்து என்னவோ அதைப் பார்க்கவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் முடிவு. நூலும் அலமாரியும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தாலியின் ரவென்னா நகரில் கல்லா பிளாசிடியா கல்லறை மண்டபத்தில் 5ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்றில் திறந்த அலமாரியும் அதில் நான்கு நற்செய்தி நூல்களும் காணப்படுகின்றன. வட இங்கிலாந்தில் கி.பி. 716க்கு முன் எழுதப்பட்ட 'அமியாட்டினுஸ்' என்ற பெரிய விவிலியப் பிரதி இப்போது ஃபிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. அதில் எஸ்ரா என்பவர் அமர்ந்து எழுதும் படம் ஒன்றுண்டு. பின்னால் உள்ள அலமாரியில் ஒன்பது நூல்கள் உள்ளன. அவை இன்று நாம் வைப்பது போல நிமிர்ந்து நிற்கவில்லை. தட்டுகளில் படுத்துக் கிடக்கின்றன.

இடைக்கால ஐரோப்பாவின் துறவி மடங்களில் 'அர்மாரியம்' என்றாலே நூல்கள் இருக்கும் இடம் என்று பொருள். நூல்களைக் காத்த துறவிக்கு 'அர்மாரியுஸ்' என்று பட்டம். நூலகம் இல்லாத மடத்தை ஆயுதசாலை இல்லாத கோட்டைக்கு ஒப்பிட்டு அக்காலத் துறவிகள் பேசினார்கள். வாள் இருந்த இடத்தில் நூல் அமர்ந்த பிறகும், சொல் தன் பழைய நினைவை விடவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த கதை

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498இல். 1510இல் கோவாவும் 1511இல் மலாக்காவும் போர்த்துக்கீசியர் வசமாயின. மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் முத்துக்குளித்துறையிலும் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் காலூன்றினார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானதும் அவர்கள் தொடர்பால்தான். 1658இல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரும் நம்மவரும் பேசிக்கொள்ளப் போர்த்துக்கீசியமே பாலமாக இருந்தது. 1698இல் ஆங்கிலேய வணிகக் குழுவுக்கு அளிக்கப்பட்ட சாசனம், இந்தியாவுக்கு வரும் பாதிரியார்கள் ஓராண்டுக்குள் போர்த்துக்கீசிய மொழியைக் கற்கவேண்டும் என்று விதித்தது. நம் சொல் ஆங்கிலத்துக்கு எப்படிப் போயிற்று என்பது இப்போது விளங்குகிறதா?

கோவாவில் பிறந்த பாதிரியார் செபஸ்தியாவோ ரோடோல்ஃபோ தல்காதோ என்பவர், ஆசிய மொழிகளில் புகுந்த போர்த்துக்கீசியச் சொற்களை எல்லாம் தேடித் தொகுத்து 1913இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்த வரிசையில் தமிழுக்கு வந்த சொற்களை எண்ணிப் பாருங்கள்: மேசை, சன்னல், வராந்தா, பீப்பாய், கோப்பை, பொத்தான், துவாலை, மேஸ்திரி, ஆயா, ஏலம். பெரும்பாலும் வீட்டுக்கும் தொழிலுக்கும் உரிய சொற்கள். பொருள் வந்தபோது பெயரும் கூடவே வந்தது.

எப்போதும் அப்படி வரவேண்டும் என்பதில்லை. மேசைக்குப் பெயரைக் கடன் வாங்கிய நாம், அதற்குப் பக்கத்தில் போடும் இருக்கைக்கு நான்கு காலைப் பார்த்து 'நாற்காலி' என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம். சன்னலுக்குச் சாளரம், பலகணி என்ற சொற்கள் முன்பே இருந்தன. ஆயினும் சன்னல் வந்து நிலைத்துவிட்டது. மொழிக்கு இதில் மானக்கேடு ஒன்றுமில்லை. வாங்கியதைத் தன் ஒலிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வலிமை இருக்கும்வரையில் அது வாழும் மொழிதான்.

அலமாரி வருவதற்கு முன் நம் வீடுகளில் என்ன இருந்தது? விளக்குக்கு மாடம், தானியத்துக்குக் குதிர், தயிர்ப் பானைக்கு உறி, தட்டுமுட்டுகளுக்குப் பரண், நகைக்கும் துணிக்கும் பெட்டியும் பேழையும். ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற இடம் இருந்தது. நூலுக்கு? ஓலைச் சுவடிகளை மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டிப் பெட்டியிலோ பரணிலோ கிடத்தி வைத்தார்கள். கிடத்தி வைக்கும் சுவடிக்குத் தட்டு வைத்த நெட்டை அலமாரி இன்றியமையாதது அன்று. அச்சிட்ட காகித நூல்கள் பெருகியபோதுதான் அதன் தேவை மிகுந்தது.

அந்தப் போர்த்துக்கீசிய வரிசையில் நான் வேண்டுமென்றே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். 'சாவி'! போர்த்துக்கீசியத்தில் 'ஷாவி'. அதன் வேர் இலத்தீனின் 'கிளாவிஸ்'. உடலியல் படிக்கும் மாணவர்கள் காறை எலும்பைக் 'கிளாவிக்கிள்' என்பார்கள். 'சிறு சாவி' என்பது அதன் பொருள். நம்மிடம் திறவுகோல் என்ற அழகான சொல் இருந்தும் சாவி பேச்சில் வென்றுவிட்டது. அலமாரியும் சாவியும் ஒரே மொழியிலிருந்து நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை.

சாவி வந்த பிறகு

எங்கள் ஆய்வகத்துக்குத் திரும்புவோம். முக்கால் மணி நேரம் கழித்து உதவியாளரின் மகன் சைக்கிளில் வந்து சாவியைக் கொடுத்தான். அலமாரியைத் திறந்து கருவிகளை எடுத்தோம். கடைசித் தட்டில் பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஏதோ தென்பட்டது. இழுத்துப் பார்த்தால், பன்னிரண்டு புத்தகங்கள். தமிழில் எழுதப்பட்ட இயற்பியல் நூல்கள். ஒளியியல், வெப்பவியல், அணு இயற்பியல். துறை நூலகத்துக்கென்று வாங்கியவை. சிலவற்றில் இராமபாணப் பூச்சி அட்டையிலிருந்து அட்டை வரை ஊசி போல் துளையிட்டிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தேதித் தாள்களில் ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கிய நாள் முதல் ஒருவரும் அவற்றை எடுத்துப் படித்ததில்லை.

அந்தத் துறையில் நான் அப்போது எட்டாண்டுகள் பணியாற்றியிருந்தேன். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வந்து, "சார், தமிழில் நல்ல புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். "கிடைப்பது கடினம் அப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். புத்தகங்கள் என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் பூட்டிக் கிடந்திருக்கின்றன. பூட்டியவர் மீது பழி சொல்வதற்கில்லை. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும் என்று அவர் அஞ்சியிருப்பார். திறந்து பார்க்காத நான்தான் வெட்கப்பட வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இதற்கு ஒரு விதி வேண்டுமா என்று முன்பு நினைத்ததுண்டு. துளை விழுந்த அந்த வெப்பவியல் நூலைக் கையில் வைத்திருந்தபோது ஏன் வேண்டும் என்று புரிந்தது. இலத்தீன் அர்மாரியம் ஆயுதங்களைப் பூட்டி வைத்த இடம். ஆயுதத்தைப் பூட்டி வைப்பதில் நியாயம் இருக்கிறது. நூல் வந்து அமர்ந்த பின்னும் அதே பூட்டைத் தொடர்ந்தால், சொல்லின் பொருள் மாறியும் நம் மனம் மாறவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

அந்தப் பன்னிரண்டு நூல்களும் இப்போது ஆய்வகத்தின் திறந்த தட்டு ஒன்றில் இருக்கின்றன. அருகில் ஒரு நோட்டுப் புத்தகம். எடுப்பவர் பெயரும் தேதியும் எழுதவேண்டும், அவ்வளவே. ஒரு நூல் திரும்பி வரவில்லை. பதினோரு நூல்களின் அட்டைகள் கைபட்டு அழுக்கேறிவிட்டன. 'அல் + மாரி' என்று சொன்ன மாணவர் அணு இயற்பியல் நூலை இரண்டு முறை எடுத்துச் சென்றார். அவருடைய விடை தவறு என்பதைப் புணர்ச்சி விதியோடு நான் விளக்கியபோது, "அப்படியானால் நீங்கள் சொன்னதும் தவறுதானே சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆம் என்றேன்.

வாசகர்களே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ பூட்டிய அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.